வென்டிலேட்டரில் இருக்கும் பீடிக்காரருக்கு நிக்கோடின் பேட்ச் ஒட்டலாமா, வேண்டாமா?

குளச்சலில் கடலுக்குப் போகிற எங்கள் மாமா தினமும் இரண்டு கட்டு பீடி வலிப்பவர். நிமோனியாவுக்கு வென்டிலேட்டர் போட்ட இரண்டாம் நாளே கையைக் காலை உதறி, தொண்டைக்குழாயைப் பிடுங்கப் பார்த்தார். நிக்கோடின் நின்றால் சில மணி நேரத்திலேயே தவிப்பு தொடங்கி 2, 3 நாளில் உச்சத்துக்குப் போகும். ஆனால் ஆக்சிஜன் குறைவு, வலி, நோய்த்தொற்று, குடி நின்றது என்று எதனாலும் இதே தவிப்பு வரும், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பீடிக்குப் பதிலாக நிக்கோடின் கொடுப்பதென்றால், குழாயோடு நிக்கோடின் சூயிங்கம் மெல்ல முடியாது, அதனால் தோலில் ஒட்டும் பேட்ச்தான். நாளுக்கு 21 மில்லிகிராம் வரை தோல் வழியாக இறங்கும், புகையின் கார்பன் மோனாக்சைடு கிடையாது. சரி, ஆனால் நிக்கோடின் இதயத்துடிப்பைக் கூட்டும், ரத்தக்குழாயைச் சுருக்கும். ஐசியு ஆய்வுகளும் ஒரே பதில் சொல்லவில்லை, சிலவற்றில் பேட்ச் ஒட்டியவர்களுக்கு மனக்குழப்பம் அதிகம்.

ஒட்டாமல் டெக்ஸ்மெடடோமிடின் போன்ற அமைதிப்படுத்தும் மருந்தால் சமாளிக்கலாம். நாடித்துடிப்பும் பிபியும் இறங்கலாம், அதுதான் சிக்கல்.

பிபி ஏற்றும் மருந்து ஓடிக்கொண்டிருக்கும்வரை பேட்ச் வேண்டாம் என்பேன். சீரான பிறகும் தவிப்பு அடங்காவிட்டால் டாக்டரிடம் கேளுங்கள், பீடிக் கணக்கை மறைக்காதீர்கள். அப்புறம், எம்ஆர்ஐக்கு முன் பேட்சை உரித்துவிட வேண்டும். சிலவற்றில் உலோகப் படலம் உண்டு, தோலைச் சுட்டுவிடும்.