சர்ரேயில் சீக்கியக் கல்யாணம்: நடுவில் கிடைக்கும் ஒரு பகலில் எங்கே போகலாம்?

கனடாவில் வான்கூவரை அடுத்த சர்ரேயில் ஒரு பஞ்சாபிக் கல்யாணத்துக்குப் போகிறீர்கள் என்றால், அது ஒரே நாளில் முடிகிற காரியம் இல்லை. நம் நலங்கு மாதிரி மஞ்சள் பூசும் மையான், மருதாணி, முந்தின இரவு விளக்கு வைத்த குடத்தைத் தலையில் ஏந்தி ஆடும் ஜாகோ, காலையில் சீக்கியக் கோயிலான குருத்துவாராவில் ஆனந்த் காரஜ் என்னும் திருமணச் சடங்கு, எல்லோருக்கும் இலவசமாகப் போடும் லங்கர் சாப்பாடு, பிறகு வரவேற்பு. இதற்கு நடுவே ஊர் சுற்ற முழுசாகக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பகல்தான். அந்த ஒரு பகலுக்கு மூன்று ஊர்கள் போட்டி போடுகின்றன.

விக்டோரியாவைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். டவாசன் துறையிலிருந்து ஃபெர்ரியில் சுமார் ஒன்றரை மணி நேரம். தீவுகளுக்கு இடையே கப்பல் வளைந்து போகும் அந்தப் பகுதியே பாதிச் சுற்றுலா. சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்த பள்ளத்தைப் பூங்காவாக மாற்றிய புட்சார்ட் தோட்டம் அங்கே இருக்கிறது. ஆனால் துறைக்குப் போய்க் காத்திருப்பது, இறங்கியபின் மறுபடி கார், திரும்பி வருவது எல்லாம் சேர்ந்தால் பகல் முழுக்கப் பயணத்திலேயே போய்விடும். கோடை வார இறுதியில் முன்பதிவு இல்லாமல் காரோடு போனால் அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க நேரலாம். மாலையில் ஜாகோ இருக்கும் நாளில் இந்தப் பக்கம் போகவே வேண்டாம். கல்யாணம் முடிந்தபின் ஓர் இரவு தங்குகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

விஸ்லர் மலைப் பிரியர்களுக்கு. வான்கூவரிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர், கடலை ஒட்டியே ஏறும் சாலை. வழியில் 335 மீட்டர் உயர ஷானன் அருவி. மேலே இரண்டு மலைகளை இணைக்கும் 4.4 கிலோமீட்டர் கம்பிவட ஊர்தி. குழந்தைகளோடு வந்தவர்களுக்கு இதுதான் பிடிக்கும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் சில வாரங்கள் ஊர்தி ஓடாது; தேதியைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

என் ஓட்டு அப்பட்ஸ்ஃபோர்டுக்கு. சுற்றுலா விளம்பரங்களில் இந்தப் பெயரை அதிகம் பார்க்க முடியாது. சர்ரேயிலிருந்து கிழக்கே முக்கால் மணி நேரம் காரில் போனால், 1911-இல் கட்டப்பட்ட குர் சிக் கோயில் வரும். வட அமெரிக்காவில் இன்றும் நிற்கும் மிகப் பழைய குருத்துவாரா இது. மர ஆலையில் கூலி வேலை செய்த சீக்கியர்கள், ஆலை கொடுத்த பலகைகளைத் தோளில் சுமந்து மேட்டில் ஏற்றிக் கட்டியது. 2002-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். கீழ்த்தளத்தில் அருங்காட்சியகம். கல்யாண வீட்டுப் பெரியவர்கள் எந்த உழைப்பின் மீது நிற்கிறார்கள் என்பது இந்த எளிய மரக் கட்டடத்தில் தெரியும்.

மதியம் சர்ரே திரும்பி, கிங் ஜார்ஜ் நிலையத்தில் ஸ்கைட்ரெயின் என்னும் நகர ரயிலில் ஏறினால் நாற்பது நிமிடத்தில் வான்கூவரின் வாட்டர்ஃப்ரண்ட் நிலையம். அங்கிருந்து கோல் ஹார்பர் நடை தூரம். 1914 மே மாதம் 376 பேரோடு இந்தியர்களை ஏற்றி வந்த கோமகட்டா மாரு கப்பலுக்கு அங்கே நினைவுச்சின்னம் இருக்கிறது. பெரும்பாலோர் சீக்கியர்கள். சொந்த நாட்டிலிருந்து எங்கும் நிற்காமல் நேராக வரவேண்டும் என்ற விதியைக் காட்டி, சிலரைத் தவிர யாரையும் இறங்க விடவில்லை. இரண்டு மாதம் கடலிலேயே நிறுத்திவைத்துத் திருப்பி அனுப்பினார்கள். கனடா பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2016-இல்தான். தமிழர்களுக்கு இதைப் படிக்கும்போது இன்னொரு கப்பல் நினைவுக்கு வராமல் இருக்காது: 2010 ஆகஸ்டில் 492 ஈழத்தமிழர்களோடு இதே பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துக்கு வந்த சன் சீ. அந்தக் கப்பலைத் திருப்பி அனுப்பவில்லை, ஆனால் வந்தவர்களில் பலரை மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள்.

இயற்கை அழகு வேண்டுமென்றால் அதே கரையோரமாக நடந்து ஸ்டான்லி பூங்காவுக்குப் போய்விடலாம். மலையும் மரமும் கடலும் அங்கேயே கிடைக்கும், ஜாகோவுக்கும் நேரத்தோடு வந்து சேரலாம். தலையை மூட ஒரு துணி கையோடு இருக்கட்டும். ஆனந்த் காரஜுக்கு வாங்கியதே குர் சிக் கோயிலுக்கும் போதும். பீடி, சிகரெட், மது எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது.