மீன் குழம்புக்கு அடியில் எது? காலிஃப்ளவர், கோஸ், சௌசௌ, வாழைத்தண்டு

வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் கார்ப் (கார்போஹைட்ரேட், அதாவது மாவுச்சத்து) இருக்கிறது. மதியத் தட்டில் சர்வசாதாரணமாக விழுவது 300 கிராம், அதாவது 84. கடலூர், புதுச்சேரிப் பக்கம் கார்ப் குறைக்க நினைப்பவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். மீனில் கார்ப் கிடையாது, சங்கராவும் மத்தியும் எவ்வளவு வேண்டுமானாலும் போகும். ஆனால் குழம்பை எதன் மேல் ஊற்றுவது?

சோற்றுக்குப் பதில் என்று எல்லோரும் கைகாட்டுவது காலிஃப்ளவரை. நார்ச்சத்து போக 100 கிராமுக்கு 3 கிராம் கார்ப்தான். கோஸும் சௌசௌவும் ஏறக்குறைய அதே அளவு. ஆகவே கார்ப் கணக்கை வைத்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. எந்தக் குழம்பு, எந்த மாதம், எவ்வளவு கைவேலை என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

காலிஃப்ளவர் மார்கழி, தை மாதங்களில் எடுபடும். பூ இறுக்கமாக, வெள்ளையாக வரும். சித்திரை வெயிலில் வருவது மஞ்சளடித்து, விரிந்து, விலையும் ஏறி நிற்கும். அப்போது அதை விட்டுவிடலாம். செய்முறையில் பலரும் சறுக்குவது தண்ணீரில். பூக்களைப் பிரித்து, உப்பும் மஞ்சளும் போட்ட சூடான நீரில் 3 நிமிடம் வைத்தால் புழு வெளியே வந்துவிடும். அதற்கு மேல் ஊறினால் பூ நீரைக் குடிக்கும். வடித்துத் துணியில் பரப்பி, ஈரம் போக 20 நிமிடம் காயவிட்ட பிறகே துருவியின் பெரிய கண்ணில் தேய்க்க வேண்டும். மிக்சி என்றால் ஜாரில் பாதிக்கு மேல் போடாமல், இரண்டு மூன்று முறை விட்டு விட்டு ஒரு திருப்பு. தொடர்ந்து ஓட்டினால் அடியில் கூழ், மேலே முழுப்பூ.

அகலமான இரும்பு வாணலியில் ஒரு டீஸ்பூன் எண்ணெய், பெருந்தீ, 4 நிமிடம். மூடி போடவே கூடாது. போட்டால் ஆவி திரும்ப உள்ளே இறங்கிப் பொங்கல் மாதிரி ஆகிவிடும். உப்பு இறக்கும்போதுதான். முதலில் போட்டால் நீர் விட்டுக்கொண்டே இருக்கும். நடுத்தரப் பூ ஒன்றில் இலையும் தடித்த அடித்தண்டும் கழித்தால் இரண்டு பேருக்குத்தான் தேறும். பூவை ஒட்டிய இளந்தண்டைத் தூக்கிப் போடாமல் அதையும் துருவிவிடலாம்.

இனி குழம்பு. சோறு குழம்பை உறிஞ்சும், காலிஃப்ளவர் உறிஞ்சாது. நீர்த்த குழம்பை ஊற்றினால் அது தட்டின் ஓரத்துக்கு ஓட, துருவல் தனியே உட்கார்ந்திருக்கும். வழக்கமாக விடும் தண்ணீரில் அரை டம்ளர் குறைத்து, எண்ணெய் மிதக்கும் வரை சுண்ட வைக்க வேண்டும். முந்தின நாள் குழம்பு இதற்கு இன்னும் பொருத்தம். புளியையும் கணக்கில் சேருங்கள்: கொட்டையில்லாத புளி 30 கிராமில் நார் போக 17 கிராம் வரை கார்ப் உண்டு. நான்கு பேர் சாப்பிட்டால் ஆளுக்கு 4 கிராம். பாதிப் புளியைக் குறைத்து மாங்காயோ கூடுதல் தக்காளியோ போட்டால் புளிப்பும் நிற்கும், கணக்கும் இறங்கும்.

ஆண்டு முழுக்க ஒன்றே ஒன்று என்றால் எங்கள் ஓட்டு கோஸுக்கு. எல்லா மாதமும் கிடைக்கும், புழுத் தொல்லை குறைவு, விலை கட்டுப்படியாகும். மெல்லிசாகச் சீவி, குறுக்கே மறுபடி கொத்தி அரிசி அளவுக்குக் கொண்டு வாருங்கள். கடுகு, கறிவேப்பிலை தாளித்துப் பெருந்தீயில் 4 நிமிடம். கடிக்கையில் நறுக்கென்று இருக்கும்போதே இறக்க வேண்டும். அதிகம் வெந்தால் கந்தக வாடை கிளம்பும், அது மீன் குழம்பையே கெடுத்துவிடும். வத்தக்குழம்பு, கருவாட்டுக் குழம்பு, காரக்குழம்புக்கு கோஸ் காலிஃப்ளவரை விட மேல். அதன் லேசான இனிப்பு காரத்தைத் தாங்கும். சாம்பாருக்கு மட்டும் சரிப்படாது. கோஸ் கூட்டு சாப்பிடுவது போல் இருக்கும்.

சௌசௌ ரசத்துக்கு. தோல் சீவும்போது பால் கையில் பிசுபிசுவென்று ஒட்டி வறளும், முதலிலேயே எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். துருவி, கால் டீஸ்பூன் உப்பு பிசறிப் பத்து நிமிடம் வைத்துப் பிழிந்தால் நிறைய நீர் கழியும். அந்த நீரை ரசத்திலேயே விட்டு, ரசத்துக்கு உப்பைக் குறைத்துப் போடலாம். பிழியாமல் வதக்கினால் குழைந்துவிடும்.

வாழைத்தண்டு தயிருக்கும் மோர்க்குழம்புக்கும். வட்டமாக நறுக்கும்போது வரும் நாரை விரலில் சுற்றி எடுத்து, பொடியாக அரிந்து உடனே நீர்மோரில் போடாவிட்டால் கறுத்துப் போகும். பிழிந்து, மஞ்சள் சேர்த்து 5 நிமிடம் வேகவைத்து, ஆறிய பின் தயிர் ஊற்றி இஞ்சி, பச்சை மிளகாய், கடுகு தாளித்தால் தயிர்சாதத்தின் இடத்தை ஓரளவு நிரப்பும். ஓரளவுதான். நான்கில் கைவேலை அதிகம் இதற்கே. மீன் குழம்போடு சேரவே சேராது.

நான்கிற்கும் பொதுவான குறை: இரண்டு மணி நேரத்தில் பசிக்கும். தட்டில் இரண்டு துண்டு மீனோ இரண்டு முட்டையோ, கொஞ்சம் தேங்காயோ இல்லாமல் வெறும் துருவலைச் சாப்பிட்டால் நாலு மணிக்குக் கை பஜ்ஜித் தட்டுக்குப் போய்விடும். ஒரேயடியாகச் சோற்றை விட முடியாதவர்களுக்குப் பாதிவழியும் உண்டு: 75 கிராம் சோறு, 175 கிராம் காலிஃப்ளவர் துருவல் கலந்தால் மொத்தம் 26 கிராம் கார்ப். வாய்க்குச் சோறு தின்ற நிறைவு, கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழ். எங்களுக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சோறு குறைந்து மருந்தளவு குறையாவிட்டால் சர்க்கரை சட்டென்று தாழும்.

காய்தானே என்று மரவள்ளிக்குப் போகாதீர்கள். 100 கிராமில் 36 கிராமுக்கு மேல், சோற்றைத் தாண்டிவிடும். வாழைக்காயும் அந்த வரிசைதான்.

பழத்தில் எங்கள் ஓட்டு கொய்யாவுக்கு: நார் போக 100 கிராமுக்கு 9. பப்பாளியும் 9 தான், ஆனால் நார் குறைவு, ஒரு கீற்றோடு யாரும் நிறுத்துவதும் இல்லை. வாழைப்பழம் 20. பண்ருட்டிப் பலா ஏறக்குறைய 22. நாலைந்து சுளையிலேயே அது வந்துவிடும். சீசனில் பலாவைத் தொடாதே என்று இந்த ஊரில் யாரிடமும் சொல்ல முடியாது. சோறில்லாத மதியத்துக்குப் பின் இரண்டு சுளை, அத்தோடு தட்டை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவது நடைமுறைக்கு ஒத்து வரும். கூடவே வரும் முந்திரியிலும் கை அடங்க வேண்டும்: 30 கிராமில் 8 கிராம் கார்ப். அதே அளவு வேர்க்கடலையில் இரண்டரைக்குள்தான்.