நான்காண்டு பள்ளிப் பிரெஞ்சு வகுப்பு: ஏழு வருடம் கழித்து ஒரு மதிப்பீடு

முதல் நாள் வகுப்பில் கொடுத்த தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அகராதிக்குள் மடித்து வைத்தது, மடிப்பில் கிழிந்துவிட்டது. ஒரு பக்கம் "மாணவரிடம் எதிர்பார்ப்பவை", மறுபக்கம் "பாடத்தின் இலக்குகள்". ஒன்பதாம் வகுப்பில் அதைப் படித்தபோது இலக்குப் பக்கத்தின் கடைசி வரிதான் கண்ணில் பட்டது: நான்காம் ஆண்டு முடிவில் மாணவர் பிரெஞ்சு பேசுவோருடன் தடையின்றி உரையாடுவார். அந்தத் "தடையின்றி"யை நம்பித்தான் சேர்ந்தேன். மார்க்கும் நன்றாக வரும் என்றார்கள், அது உண்மை.

படித்து முடித்து ஏழு வருடம் ஆகிறது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று எழுதுகிறேன். பிள்ளையைப் பிரெஞ்சில் சேர்க்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும், இப்போது முதல் ஆண்டில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்களுக்கும் பயன்படலாம்.

முதலில் நேரக் கணக்கு. வாரம் நான்கு பீரியட், பீரியடுக்கு 40 நிமிடம், ஆண்டுக்கு 36 வாரம். ஆக ஆண்டுக்கு 96 மணி நேரம், நான்காண்டுக்கு 384. தேர்வு, விழா, ஆசிரியர் விடுப்பு என்று கழித்தால் 300 தேறும். ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட, மொழித்திறனை அளக்கும் சட்டகம் ஏ1இல் தொடங்கி சி2 வரை ஆறு படிகள் வைத்திருக்கிறது. பிரெஞ்சு கற்பிக்கும் இடங்களில் பொதுவாகச் சொல்லும் கணக்குப்படி ஏ2க்கு 200 மணி நேரம் வாக்கில் ஆகும், பி1க்கு 350 முதல் 400 வரை. தடையின்றி உரையாடுவது என்பது பி2க்கு மேல் நடக்கிற காரியம். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் ஊழியர்களுக்கு மொழி கற்பிக்கப் போடும் கணக்கில், பிரெஞ்சு மாதிரி அவர்களுக்கு எளிதான மொழிகளுக்கே அறுநூறு, எழுநூறு வகுப்பு மணி நேரம் வாக்கில் வைத்திருக்கிறது. அதுவும் வேறு வேலை இல்லாமல், சிறு குழுவாக உட்கார்ந்து படிக்கும் பெரியவர்களுக்கு. பத்துப் பாடங்களுக்கு நடுவில் ஒரு பாடமாகப் பிரெஞ்சு படிக்கிற பதினான்கு வயதுப் பிள்ளைக்கு 300 மணி நேரத்தில் "தடையின்றி" என்று எழுதிக் கொடுத்தவர் கூட்டல் கழித்தல் போட்டுப் பார்க்கவில்லை.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. எங்கள் வகுப்பில் 28 பேர். 40 நிமிடத்தில் பாதியை ஆசிரியர் எடுத்துக்கொண்டால் மீதி 20 நிமிடம். ஒருவர் பின் ஒருவராக எழுந்து பதில் சொன்னால் ஆளுக்கு 43 விநாடி. ஆண்டு முழுக்க ஒரு பீரியட்கூட விடாமல் வந்தாலும் ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம்தான். நான்காண்டுக்கும் சேர்த்து நான் வாய் திறந்து பிரெஞ்சு பேசக் கிடைப்பது ஏழு மணி நேரத்துக்கும் குறைவு. ஏழு மணி நேரத்தில் சைக்கிள்கூடச் சரியாக வராது.

எதிர்பார்ப்புப் பக்கத்தில் முதல் விதி: வகுப்புக்குள் பிரெஞ்சு மட்டும். நல்ல விதிதான். அமெரிக்காவின் அயல்மொழி ஆசிரியர் அமைப்பான ஆக்ட்ஃபெல்கூட வகுப்பு நேரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கற்கும் மொழியிலேயே நடக்க வேண்டும் என்றுதான் பரிந்துரைக்கிறது. ஆனால் அது ஆசிரியருக்கும் சேர்த்துச் சொன்னது. எங்கள் வகுப்பில் ஆசிரியர் இலக்கணத்தை ஆங்கிலத்தில் விளக்குவார், நாங்கள் தண்ணீர் குடிக்கப் போக வேண்டும் என்றால் பிரெஞ்சில் கேட்க வேண்டும். முதல் இரண்டு மாதம் வகுப்பே ஊமையாக இருந்தது. "புரியவில்லை", "இதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது", "திரும்பச் சொல்லுங்கள்", "மெதுவாக" என்ற நான்கு தொடர்களைப் பலகையில் நிரந்தரமாக எழுதிப் போட்ட பிறகுதான் வாய் திறந்தோம். முதல் நாளே அந்த நான்கையும் கொடுத்திருக்கலாம்.

மொழிபெயர்ப்புச் செயலியைத் தொடாதே என்ற விதியை எல்லோரும் மீறினோம், எல்லோரும் பிடிபட்டோம். மூன்றாம் மாதத்தில் இருக்கும் பையனின் கட்டுரையில், விருப்பத்தையும் கட்டாயத்தையும் காட்டும் சப்ஜங்க்டிவ் வினைவடிவம் வந்தால் ஆசிரியருக்குத் தெரியாதா என்ன? வீட்டுப்பாடம், தனி நோட்டு, வாரந்தோறும் சொல் தேர்வு பற்றியெல்லாம் சொல்ல ஒன்றுமில்லை, எல்லாப் பாடத்திலும் இருப்பதுதான்.

பிரெஞ்சைத் தமிழ் எழுத்தில் எழுதி வைக்காதே என்று ஒரு விதி. அப்போது கோபம் வந்தது, இப்போது சரி என்கிறேன். "நான்" என்பதை நோட்டில் ஒரு நாள் "ஜெ" என்று எழுதுவேன், இன்னொரு நாள் "ழெ". இரண்டுமே அந்த ஒலி இல்லை. ழான், ழாக் என்று பெயர்களைத் தமிழில் எழுதுகிற பழக்கம் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் நம் ழகரத்தில் நாக்கு மடியும், அங்கே மடியாது. எழுத்தை நம்பிய என் உச்சரிப்பைத் திருத்த ஓர் ஆண்டு பிடித்தது.

நான்காண்டில் ஒருவரும் சொல்லாமல் விட்டது, தமிழ் தெரிந்தவர் பிரெஞ்சுக்குள் வெறுங்கையோடு போவதில்லை என்பது. எங்களுக்கு எல்லாமே ஆங்கில வழியாக வந்தது. பாடப்புத்தகம் "த்யு", "வூ" வேறுபாட்டுக்கு இரண்டு பக்கம் விளக்கம் கொடுக்கும். நமக்கு அது நீ, நீங்கள் என்ற ஒரே வரி. வினைச்சொல் ஆளுக்கு ஆள் விகுதி மாறுவதைப் பார்த்து ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைகள் மலைத்துப்போனார்கள். வந்தேன், வந்தாய், வந்தாள் என்று பேசி வளர்ந்தவனுக்கு அதில் என்ன மலைப்பு?

மூக்கொலி இன்னும் வேடிக்கை. பிரெஞ்சில் சொல் இறுதியில் வரும் ன், ம் தனியாக ஒலிக்காமல் உயிரோடு சேர்ந்து மூக்கில் கரையும். அதைச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் மூக்கைப் பிடித்துக் காட்டினார், நாங்கள் சிரித்தோம். ஆனால் பேச்சுவழக்கில் "மரம்" என்று சொல்லிப் பாருங்கள், உதடு மூடுகிறதா? "வந்தான்" என்று வேகமாகச் சொல்லும்போது ன் எங்கே போகிறது? நாள் முழுக்க வீட்டில் செய்வதைத்தான் வகுப்பில் செய்யச் சொன்னார்கள். தெரியாமல் ஆறு மாதம் திணறினேன்.

புணர்ச்சியும் அப்படித்தான். இரண்டு உயிர் மோதினால் நாம் நடுவில் ய் அல்லது வ் போடுகிறோம், உடம்படுமெய் என்று பெயர் வைத்திருக்கிறோம். "அவனுக்கு இருக்கிறதா" என்று பிரெஞ்சில் கேட்கும்போது "அ"வுக்கும் "இல்"லுக்கும் நடுவில் எங்கிருந்தோ ஒரு த் வந்து "அத்தில்" ஆகும். ஆங்கில "தி" போன்ற "ல" என்ற சொல் உயிரில் தொடங்கும் "அமி"யோடு சேர்ந்தால் தன் உயிரை இழந்து "லாமி" ஆகும். உகரம் மெய்விட்டு ஓடுவதைத் தமிழ் வகுப்பில் மனப்பாடம் செய்த அதே வாரத்தில் பிரெஞ்சு வகுப்பில் இதைப் புதிதாக மனப்பாடம் செய்தேன். இரண்டும் ஒரே வேலை என்று தலையில் ஏறவில்லை.

நமக்குக் கைகொடுக்காத இடமும் உண்டு. தமிழில் உயிரற்றது எல்லாம் அது. பிரெஞ்சில் சாதாரண மேசை பெண்பால், எழுதும் மேசை ஆண்பால். காரணம் கேட்காதீர்கள். "சியோன்" என்று முடிந்தால் பெரும்பாலும் பெண்பால், "ஆழ்" என்று முடிந்தால் பெரும்பாலும் ஆண்பால் என்ற ஈற்று விதிகள் உதவும், கடற்கரைக்கும் பக்கத்துக்கும் படத்துக்கும் உள்ள சொற்கள் வந்து அந்த இரண்டாவது விதியைக் கெடுக்கும்வரை. எண்களைப் பற்றி எல்லோரும் புலம்பிவிட்டார்கள், 99 என்றால் நான்கு இருபது பத்து ஒன்பது. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் 70க்கும் 90க்கும் தனிச்சொல் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள் என்பதைக் கடைசி ஆண்டில்தான் அறிந்தேன்.

ஆண்டு வாரியாகச் சொன்னால், முதல் ஆண்டுக்கு ஐந்துக்கு நான்கு தருவேன். எல்லாம் புதிது, எல்லாம் பாட்டு மாதிரி. இரண்டாம் ஆண்டுக்கு இரண்டு. அது முழுக்க அட்டவணை. இறந்தகாலத்துக்கு எந்த வினை துணைவினையாக "அவ்வார்" எடுக்கும், எந்த வினை "எத்ர்" எடுக்கும் என்ற பட்டியலை ஒப்பித்து நூற்றுக்கு 96 வாங்கினேன். அதே வாரம் "நேற்று என்ன செய்தாய்" என்று வகுப்பில் கேட்டபோது எழுந்து நின்று விழித்தேன். திருத்த எளிதானதைத்தான் பள்ளி அதிகம் கேட்கும். கோடிட்ட இடத்தை நிரப்பியதை 28 பேருக்கும் அரை மணியில் திருத்திவிடலாம், பேச்சைத் திருத்த ஒரு வாரம் ஆகும்.

மூன்றாம் ஆண்டில் வேறு ஆசிரியை வந்தார். வந்த முதல் வாரமே மேசைகளை இருவர் எதிரெதிரே உட்காரும்படி திருப்பினார். தினம் பத்து நிமிடம் சோடி சோடியாகப் பேச வேண்டும், தவறைத் திருத்த மாட்டேன், கேட்டுக்கொண்டு மட்டும் நடப்பேன் என்றார். இரைச்சல் தாங்காமல் பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வந்தது. கணக்கைப் பாருங்கள்: 43 விநாடி ஐந்து நிமிடமானது. பாடப்புத்தகம் அதேதான், மணி நேரமும் அதேதான். அந்த ஆண்டுக்கு ஐந்துக்கு ஐந்து.

அவர் சொல்லித்தான், பிரெஞ்சு அரசின் மொழித்திறன் தேர்வான டெல்ஃபில் ஏ2 படியை எழுதினேன். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 25, மொத்தத்தில் 50 எடுத்தால் தேர்ச்சி. எந்தப் பகுதியிலும் 5க்குக் கீழே போகக் கூடாது. பேச்சுப் பகுதி ஏறத்தாழ எட்டு நிமிடம். பள்ளித் தேர்வில் பேச்சுக்கு 100க்கு 10 என்று பழகிய எனக்கு, கால் பங்கு மார்க் வாய்க்கு என்பது அதிர்ச்சி. எழுதிவிட்டு வந்து ஆசிரியையிடம் பெருமையாக "ழே பஸே லெக்ஸமேன்" என்றேன். தேறிவிட்டேன் என்று சொல்வதாக நினைப்பு. தெரியும், முடிவு எப்போது வரும் என்று கேட்டார். பிரெஞ்சில் அதற்குத் தேர்வு எழுதினேன் என்றுதான் பொருள். (தேறினேன். 71.)

நான்காம் ஆண்டு இறுதித் தேர்வுக் கெடுபிடியில் கரைந்தது. மேசைகள் மறுபடி நேராகத் திரும்பின. மதிப்பெண் போட மனமில்லை.

பள்ளிக்குப் பிறகு முதல் முறையாக ஒரு பிரெஞ்சுக்காரரின் சாதாரணப் பேச்சை இணையத்தில் கேட்டபோது ஒரு வாக்கியம் பிடிபடவில்லை. நாங்கள் படித்தது "ழெ ந சே பா", தெரியாது என்பதற்கு. அவர் சொன்னது "ஷே பா". எதிர்மறைக்கு முன்னால் வரும் "ந" பேச்சில் பெரும்பாலும் விழுந்துவிடுகிறது. "நூ" என்று படித்த "நாங்கள்" வாயில் "ஓன்" ஆகிவிடுகிறது. முதலில் ஏமாற்றப்பட்டதாகத் தோன்றியது. பிறகு யோசித்தால், "வந்துகொண்டிருக்கிறேன்" என்று எழுதிவிட்டு "வந்துட்டிருக்கேன்" என்று பேசுகிற நாம் இதற்கு அதிர்ச்சி அடையலாமா? ஏட்டு மொழியை மட்டும் கற்றுக்கொண்டு தமிழ்நாட்டுப் பேருந்தில் ஏறிய வெளிநாட்டவரின் நிலைதான் என் நிலை. முதல் நாள் தாளில் "எழுத்துநடை கற்பிக்கப்படும், பேச்சுநடை தனி" என்று ஒரு வரி போட்டிருந்தால் காதைத் தயார்செய்திருப்பேன்.

ஏழு வருடத்தில் எது தங்கியது? பட்டியல்கள் போய்விட்டன. சப்ஜங்க்டிவில் முழு வாக்கியமாக வாயில் ஏறிய "நான் போக வேண்டும்" மட்டும் இருக்கிறது, விதி நினைவில்லை. உச்சரிப்பு போகவில்லை. செய்தித் தலைப்புகளைப் படித்தால் பாதிக்கு மேல் புரிகிறது. தொப்பிக் குறி போட்ட உயிரைப் பார்த்தால் அங்கே முன்பு ஒரு ஸ் இருந்திருக்கலாம் என்று மனம் தானாகத் தேடுகிறது, ஆஸ்பத்திரிக்கும் காட்டுக்கும் உள்ள சொற்கள் ஆங்கில ஹாஸ்பிடல், ஃபாரஸ்ட் என்று அப்படித்தான் அடையாளம் தெரிந்தன. மூன்றாம் ஆண்டில் எதிரே உட்கார்ந்தவனோடு தப்பும் தவறுமாகப் பேசியவை எல்லாம் அப்படியே இருக்கின்றன, அவனுடைய தவறுகள் உட்பட.

சேர்க்க நினைப்பவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான். தாளில் இருக்கும் இலக்குகளைப் படிக்காதீர்கள். ஒரு பீரியடில் என் பிள்ளை எத்தனை நிமிடம் பேசுவான் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். பதில் நிமிடத்தில் வந்தால் சேருங்கள். "எல்லோரும் பங்கேற்பார்கள்" என்று வந்தால் மார்க்குக்காக மட்டும் சேருங்கள், அதுவும் தவறில்லை.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை. அரை மதிப்பெண் அந்த இரைச்சலுக்கு.

டெல்ஃப் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது என்பதால் ஏ2 இன்னும் செல்லும். பி1க்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். அதில் ஒரு சிறு பத்தியைப் படித்துவிட்டுப் பத்து நிமிடத் தயாரிப்பில் சொந்தக் கருத்தைப் பேச வேண்டும். பழைய சோடியைத் தேடிப் பிடித்து வாரம் இருமுறை போனில் பேசுகிறோம். அவன் இன்னமும் மேசையை ஆண்பாலில்தான் சொல்கிறான்.