எஞ்சின் மாற்றிய காருக்கு வாட்டர் பம்ப் போடக் கொடுக்கிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

எஞ்சின் மாற்றிய கார் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரை, அதாவது கூலன்ட்டை, சுற்றவிடும் வாட்டர் பம்பை மாற்ற வண்டியை விடுகிறீர்கள் என்றால், புதுப் பம்பைப் பூட்டுவதற்கு முன்னால் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். முடியாது என்றால் வண்டியைத் திருப்பி எடுத்து வந்துவிடுங்கள். அந்த ஒரு வேலையைச் செய்யாமலே செய்ததாகச் சொல்லி, என் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கெடுத்து அனுப்பினார்கள் ஒரு ஒர்க்‌ஷாப்பில்.

என் காரில் இப்போது இருப்பது கம்பெனியில் வந்த எஞ்சின் இல்லை. அதே குடும்பத்தில் பின்னால் வந்த எஞ்சின். பழையதில் பம்பைச் சுற்றியது வி பெல்ட். இதில் உள்பக்கம் நீளவாக்கில் வரிவரியாக இருக்கும் அகலமான வரி பெல்ட் ஒன்றே ஆல்டர்னேட்டர், ஏசி, பம்ப் எல்லாவற்றையும் வளைத்து வளைத்துச் சுற்றி வருகிறது. மாற்றிய நாளிலிருந்து ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. பிறகு பம்பின் அடியில் உள்ள சின்ன ஓட்டை வழியாகக் கூலன்ட் சொட்ட ஆரம்பித்தது. உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் வெளியே வந்து தெரிவதற்காகவே அந்த ஓட்டையை விட்டிருக்கிறார்கள். அது சொட்டினால் பம்ப் முடிந்தது என்று அர்த்தம். பேஸ்ட் வைத்து அடைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நான் போன ஒர்க்‌ஷாப் எஞ்சின் மாற்றும் வேலைக்கென்றே பேர் வாங்கிய இடம். வண்டியை விடும்போதே இது மாற்று எஞ்சின் என்று சொன்னேன். எஞ்சினின் அடி உடம்பான பிளாக்கில் குத்தியிருக்கும் எஞ்சின் கோடை, அதாவது எந்த வகை எஞ்சின் என்று காட்டும் குறியீட்டை, வேலைச் சீட்டில் எழுதவும் வைத்தேன். "தெரியும் சார், நாங்க தினமும் பார்க்கிற வேலைதானே" என்றார் அங்கே பொறுப்பில் இருந்தவர்.

சீட்டில் எழுதியதை அவர்கள் திரும்பிப் பார்க்கவே இல்லை. காரின் மாடலையும் வருஷத்தையும் சொல்லி பம்ப் வரவழைத்திருக்கிறார்கள். அந்தக் காருக்கு என்று கேட்டால் கடைக்காரர் அந்தக் காரோடு வந்த எஞ்சினுக்கான பம்பைத்தான் தருவார். அவர்மேல் தப்பில்லை. அந்தப் பம்ப் என் எஞ்சினில் உட்காரவும் செய்தது. ஒரே குடும்பம் என்பதால் போல்ட் ஓட்டைகள் அச்சாகப் பொருந்தின. ஆனால் அது சுற்ற வேண்டிய திசையே வேறு.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வி பெல்ட்டின் உள்பக்கம் பம்பின் புல்லியில், அதாவது பெல்ட் ஓடும் சக்கரத்தில், பிடிக்கும். அதனால் பெல்ட்டை ஓட்டும் எஞ்சின் தண்டான கிராங்க் எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அதே பக்கம் பம்பும் சுற்றும். வரி பெல்ட் பல எஞ்சின்களில் தன் வழவழப்பான முதுகால் பம்பைத் தள்ளுகிறது. அப்போது பம்ப் எதிர்ப்பக்கம் சுற்றும். ஷெவர்லேயின் சின்ன பிளாக் வி8 இதற்குப் பேர் போனது. 1955-இல் வந்த அந்த எஞ்சினில் வி பெல்ட் பம்பும் வரி பெல்ட் பம்பும் வெளியே பார்க்க ஒன்றுபோல இருக்கும். திசை மட்டும் நேர் எதிர். அதிலேயே நீளப் பம்ப், குட்டைப் பம்ப் என்றும் இரண்டு உண்டு. பிளாக்கைத் தொடும் முகத்திலிருந்து புல்லி உட்காரும் முகம் ஒன்றில் சுமார் 176 மில்லிமீட்டரிலும் மற்றதில் சுமார் 143 மில்லிமீட்டரிலும் நிற்கும். மாற்றிப் பூட்டினால் பெல்ட் நேர்கோட்டில் ஓடாது. என் வண்டி அது இல்லை, ஆனால் என் வண்டிக்கு நடந்தது இதேதான்.

பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் சக்கரம்தான் இம்பெல்லர். அதன் தகடுகள் வளைந்திருந்தால், அந்த வளைவு சுற்றும் திசைக்குப் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் தண்ணீர் அடியோடு நின்றுவிடாது. ஓடும், ஆனால் போதாத அளவில் ஓடும். அதனால்தான் இந்தத் தப்பு ஒர்க்‌ஷாப் வாசலில் பிடிபடாது. நின்ற இடத்தில் ஓடவிட்டால் சூடு காட்டும் முள் நடுவில் நிற்கும், ஃபேன் போடும், அணையும், எல்லாம் சரியாகத் தெரியும். நீண்ட ஏற்றத்தில் மிதித்துப் போகும்போதுதான் முள் ஏற ஆரம்பிக்கும். எனக்கும் அப்படித்தான் ஏறியது.

திரும்பப் போனேன். முதலில் "ஏர் லாக் சார்" என்றார்கள். கூலன்ட் மாற்றிய வண்டியில் காற்று அடைத்துக்கொள்வது நடக்கிற விஷயம்தான், சரி என்று விட்டேன். காற்றை எடுத்துக் கொடுத்தார்கள், மறுபடி ஏறியது. அப்புறம் தெர்மோஸ்டாட்டை, அதாவது எஞ்சின் சூடானதும் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வை, கழற்றிப் போட்டார்கள். இதைக் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: சூடாகும் வண்டியில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது வைத்தியமே இல்லை. பெரும்பாலான எஞ்சின்களில் அது 80 முதல் 90 டிகிரிக்குள் திறக்கும். அதை எடுத்துவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், சாதாரண ஓட்டத்தில் முள் கீழேயே கிடக்கும். நோய் இருந்த இடத்திலேயே இருக்கும். வண்டிக்காரர் மட்டும் நிம்மதியாகிவிடுவார்.

கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. "மாத்தின எஞ்சின் அப்படித்தான் சார் இருக்கும். பெரிய ரேடியேட்டர் போட்டுக்கோங்க, செட் ஆயிடும்." பம்ப் போடும்வரை அதே ரேடியேட்டரில், அதே ஏற்றத்தில், இதே எஞ்சின் சூடாகாமல் ஓடியது என்று சொன்னேன். அதற்குப் பதில் வரவில்லை. எஞ்சின் மாற்றியவர்கள் எல்லோரும் இந்த வார்த்தையை எங்காவது கேட்டிருப்பீர்கள். அவர்கள் செய்த தப்பு எதுவானாலும் அதற்குள் போட்டு மூடிவிடலாம்.

வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் பானெட்டைத் திறந்ததும் முதலில் பார்த்தது புல்லியைத்தான். ஒரு நேரான இரும்புப் பட்டையை எடுத்துப் புல்லிகளின் முகத்தோடு சேர்த்து வைத்தார். பம்பின் புல்லிக்குப் பின்னால் வாஷர்கள் அடுக்கியிருந்தன. முகம் உள்ளே தள்ளி இருந்ததால் பெல்ட் நேராக வர வேண்டும் என்று இப்படி முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வாஷர் போட்ட அளவுக்கு போல்ட் உள்ளே போகவில்லை. சில மரைகளில்தான் பிடித்துக்கொண்டிருந்தது. ஓடும்போது அந்தப் புல்லி கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாஷரை அடுக்கிய கைக்கு, பம்ப் பொருந்தவில்லை என்பது அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். அதனால்தான் இதைக் கவனக்குறைவு என்று என்னால் விட முடியவில்லை.

பம்பைக் கழற்றினால் உள்ளே சிலிகான் பேஸ்ட். காகித கேஸ்கட்டும் போட்டு அதற்கு மேல் இரண்டு பக்கமும் தடவியிருக்கிறார்கள். பிதுங்கியதெல்லாம் உள்ளே பிய்ந்து, ரப்பர் நூலாக ரேடியேட்டரின் குழாய் வாய்களில் ஒட்டிக் கிடந்தது. தண்ணீர்ப் பாதைக்குள் திறக்கும் போல்ட் ஓட்டை ஒன்று இருந்தது. அதன் மரையில் சீலன்ட் தடவ வேண்டும். அங்கே மட்டும் ஒன்றும் இல்லை, பச்சைக் கறை இறங்கியிருந்தது. இம்பெல்லரின் வளைவைக் காட்டி, பெல்ட் ஓடும் பக்கத்தையும் விரலால் வரைந்து காட்டினார். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அப்புறம் ரேடியேட்டர் வாயில் நீல நிற திரவம் உள்ள குழாயை வைத்துச் சோதித்தார். எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்திருந்தால் அது மஞ்சளாக மாறும். மாறியது. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருந்தது, அலுமினிய ஹெட் வளைந்திருந்தது. ஹெட்டை இறக்கி முகம் தேய்த்து ஏற்றியதற்கு ஆன செலவு, பம்புக்கு ஆனதைவிடப் பல மடங்கு.

படங்களோடு பழைய ஒர்க்‌ஷாப்பிடம் கேட்டேன். "வேற பம்ப் வாங்கிக் கொடுங்க, கூலி இல்லாம மாட்டித் தரோம்" என்பதோடு சரி. என் பழைய பம்பைக் கேட்டால் பழைய இரும்போடு போய்விட்டதாம். ஹெட்டுக்குப் பொறுப்பே ஏற்கவில்லை. எஞ்சின் கோடு எழுதிய வேலைச் சீட்டு என்னிடம் இருப்பதால் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கழற்றிய உடனே எடுத்த படங்களும், இரண்டாவது மெக்கானிக் எழுதிக் கொடுத்த குறிப்பும் அதோடு இருக்கின்றன. இதே நிலையில் இருப்பவர்கள் எதையும் கழற்றும் முன்பே படம் எடுக்கச் சொல்லுங்கள், குறிப்பாகப் புல்லியின் பின்பக்கத்தை.

பம்ப் வாங்கும்போது காரின் பெயரைச் சொல்லவே வேண்டாம், எஞ்சின் கோடை மட்டும் சொல்லுங்கள். பெல்ட் எந்த முகத்தால் பம்பைச் சுற்றுகிறது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டு பம்பையும் வைத்துப் பார்க்கும்போது இம்பெல்லரின் சாய்வு, விட்டம், பிளாக்கைத் தொடும் முகத்திலிருந்து புல்லி உட்காரும் முகம்வரை உள்ள உயரம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பல் வைத்த டைமிங் பெல்ட் சுற்றும் பம்ப் என்றால் புல்லியின் பற்களையும் எண்ணுங்கள். வாஷர், கூடுதல் பேஸ்ட், "தேய்த்து உட்கார வைக்கலாம்" என்ற பேச்சு, இவற்றில் எது வந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள்.

ஏற்கெனவே பூட்டி, ஏற்றத்தில் சூடாகிறது என்றால் தயவுசெய்து ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். இன்னொன்று: ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று கீழே இறங்கினால் சூடு குறைந்துவிட்டது என்று நம்பாதீர்கள். கூலன்ட் குறைந்து சென்சார் தண்ணீரில் நனையாமல் இருந்தாலும் முள் அப்படித்தான் விழும். உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள். ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். அழுத்தத்தில் இருப்பதால் உள்ளே உள்ளது 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும், மூடியைத் திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். நன்றாக ஆறிய பிறகு கூலன்ட் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். அங்கிருந்து வண்டியைக் கட்டி இழுத்தே கொண்டுபோங்கள்.