நிவாரணமும் பயிர்க் காப்பீடும்: 1 ஏக்கர் 40 சென்ட்காரனின் மதிப்புரை

எங்களுக்கு மேலூர்ப் பக்கம், பெரியாறு கால்வாயின் கடைமடை. கள்ளந்திரிக்கு மேலே இருபோகம், எங்களுக்கு ஒருபோகம்தான். அந்த ஒரு போகமும் 2021 பொங்கலை ஒட்டிப் பெய்த மழையில் படுத்துவிட்டது. முற்றித் தலை சாய்ந்த நெல் நாலு நாள் தண்ணீரில் கிடந்து கதிரிலேயே முளைவிட்டது. அம்மா ஒரு கதிரை ஒடித்து வந்து, "முளைப்பாரி போட்ட மாதிரி இருக்கே" என்றாள்.

அரசு நிவாரணம், பயிர்க் காப்பீடு இரண்டையும் அந்த வருஷம் பார்த்துவிட்டேன். ஊரில் பாதிப் பேர் இன்னும் இரண்டும் ஒன்று என்றுதான் நினைக்கிறார்கள். நிவாரணத்துக்கு நாம் காசு கட்டுவதில்லை. சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ என்று எழுதினால் ஹெக்டேர் கணக்கில் பணம் வரும்.

அந்த 33-ஐ யார் எழுதுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கணக்கெடுக்க வந்தவர் வரப்பில் நின்றபடியே, "ஒரு முப்பது இருக்கும்" என்றார். மூன்று சதவீதத்தில் மொத்தமும் போய்விடும். "செருப்பைக் கழட்டிட்டு இறங்கிப் பாருங்க தம்பி" என்று அம்மா அவரைச் சேற்றில் இறக்கிவிட்டாள். இறங்கினார். அறுபது என்று எழுதினார். நல்ல பையன்தான், பாவம், ஒரே ஆளுக்கு எத்தனை கிராமம்!

அந்த முறை நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய். எங்களுக்கு 11,300 சொச்சம் நேராக வங்கிக் கணக்கில் ஏறியது, நடுவில் டீச்செலவுகூடக் கிடையாது. ஈர வயலில் பெல்ட் வைத்த அறுவடை மெஷின்தான் இறங்கும், அதன் வாடகை போக உரக்கடைப் பாக்கியில் கொஞ்சம் அடைத்தோம். 2024 ஃபெஞ்சல் புயலுக்கு ஹெக்டேருக்கு 17,000 என்று அறிவித்தார்கள். உர விலை அப்படி இறங்கி நான் பார்த்ததில்லை.

மச்சான் கதை வேறு. அவர் குத்தகைக்கு உழுகிறார், பட்டா மதுரையில் இருக்கும் நிலக்காரர் பேரில். பணமும் நிலக்காரர் கணக்குக்கே போனது. அவர் பாதியைக் கொடுத்து, "வச்சுக்கங்க" என்றாராம். தானம் கொடுப்பதுபோல!

சரி, காப்பீடு. சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான் நாம் கட்டுகிறோம், மிச்சத்தை மத்திய, மாநில அரசுகள் போடுகின்றன. மலிவுதான். ஆனால் என் வயல் கெட்டால் எனக்குப் பணம் வரும் என்று நினைத்திருந்தேன். அப்போது அப்படி இல்லை. ஊருக்குச் சில வயல்களைக் குலுக்கலில் எடுத்து, அஞ்சு மீட்டருக்கு அஞ்சு மீட்டர் அளந்து அறுத்து எடை போட்டார்கள். அந்தச் சராசரி முந்தைய வருஷங்களின் கணக்கைவிடக் குறைந்தால்தான் இழப்பீடு என்றார்கள். அந்த வருஷம் குலுக்கலில் வந்ததெல்லாம் மடைக்குப் பக்கத்து மேட்டு வயல்கள். ஊர்ச் சராசரி தேறிவிட்டது, பள்ளத்துக்காரன் தேறவில்லை. ஒரு ரூபாய் வரவில்லை.

நிவாரணத்துக்கு மூன்று ஸ்டார். காப்பீட்டுக்கு ஒன்றரை, நான் கட்டுகிற சதவீதம் எவ்வளவோ அவ்வளவு.

இருந்தாலும் கட்டாமல் விடாதீர்கள், ஊரே மூழ்குகிற வருஷம் கை கொடுப்பது அதுதான். நவம்பர் நடுவில் எல்லாரும் ஒரே நாளில் இ-சேவை மையத்துக்கு ஓடுவார்கள், சர்வரும் அன்றைக்குத்தான் படுக்கும். எந்த வயலில் என்ன பயிர் என்று விஏஓ எழுதித் தரும் அடங்கலை ஐப்பசியிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரசீதில் சர்வே எண்ணை அங்கேயே நின்று சரிபாருங்கள். எங்கள் தெருவில் ஒருவருக்குப் பக்கத்து ஊர் பேர் விழுந்திருந்தது. அறுத்து வயலில் காயப் போட்ட நெல்லுக்கு 14 நாள் வரை தனிக் காப்பு உண்டு. நனைந்தால் 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற காப்பீட்டு உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டும். பொங்கல் லீவு, மாட்டுப் பொங்கல் என்று அந்த மணிக்கணக்கு நிற்காது.

மச்சான் இந்த வருஷம் சாகுபடி அடங்கலைத் தன் பேரிலேயே வாங்கிப் பிரீமியம் கட்டிவிட்டார். ரசீதை லேமினேஷன் போட்டு சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்.