40 பவுண்டுப் பலகையும் மூன்று பருவங்களும்

தொண்ணூறுகளில் செய்த விண்ட்சர்ஃபிங் ரேஸ் பலகை; பாய் பொருத்தி, மேலே நின்றுகொண்டு காற்றில் ஓட்டுவது. நீளம் 2.80 மீட்டர், அகலம் 58 சென்டிமீட்டர். விற்றவர் 40 பவுண்டு வாங்கிக்கொண்டு, கொட்டகையில் இடம் காலியானதே போதும் என்றார். மூன்று பருவமாக இங்கிலாந்தின் தென்கரையில், போர்ட்லண்ட் துறைமுகத்தில் ஓட்டுகிறேன். ஜிபிஎஸ் காட்டும் 10 விநாடிச் சராசரி வேகம், அது ஒன்றுதான் குறி.

முதலில் தராசில் வைத்தேன். 7 கிலோ இருக்க வேண்டியது 9.3 காட்டியது. உள்ளே இருப்பது தெர்மோகோல். எங்கோ விரிசல் வழியாகத் தண்ணீர் குடித்திருக்கிறது. முனையில் ஒன்றும் வாலில் ஒன்றுமாகத் துளை போட்டு, மீன்தொட்டி மோட்டாரால் காற்றை ஊதிக்கொண்டே இருந்தேன். ஏழு வாரம் வீடு முழுக்க அந்த ரீங்காரம். 7.8-க்கு வந்ததும் எனக்கும் வீட்டாருக்கும் பொறுமை போய்விட்டது. நிறுத்திக்கொண்டேன்.

துளைகளை அடைப்பதற்கு எபாக்சி ரெசின் மட்டும்தான். பாலியெஸ்டர் ரெசின் தெர்மோகோலைக் கரைத்துவிடும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே பொந்து.

அப்புறம் வால். வேகத்தில் பலகையின் கடைசிப் பகுதி மட்டும்தான் தண்ணீரைத் தொடுகிறது. அங்கே தண்ணீர் வெட்டிவிட்டதுபோலப் பிரிய வேண்டும்; விளிம்பு மழுங்கியிருந்தால் வளைந்து மேலேறிப் பலகையைப் பிடித்து இழுக்கும். இரும்பு அளவுகோலை அடியில் வைத்துப் பார்த்தால் ஃபின் (வாலுக்கு அடியில் தண்ணீருக்குள் நிற்கும் துடுப்பு போன்ற தகடு) பொருந்தும் பெட்டிக்கு முன்னால் 2 மில்லிமீட்டர் பள்ளம் வேறு. பட்டி வைத்து, மரக்கட்டையில் உப்புத்தாள் சுற்றித் தேய்த்து, விளிம்பைக் கூராக எடுத்தேன். பாதத்தை நுழைத்து நிற்கும் கால்வார்களையும் 5 சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளினேன். இதற்கே ஒரு குளிர்காலம் போனது.

பலன்? முன்பு 29 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்). இத்தனைக்கும் பிறகு 30.

பிறகு ஒருநாள் 36 சென்டிமீட்டர் ஃபினைக் கழற்றிவிட்டு, கடன் வாங்கிய 28 சென்டிமீட்டர் ஃபினைப் போட்டேன். பாய் அதே 5.8 சதுர மீட்டர்தான். அன்றைக்கு 32.4! உப்புத்தாளோடு மல்லுக்கட்டிய மாதங்களை நினைத்தால் இன்னும் வயிற்றெரிச்சல். ஆனால் வால் பழைய நிலையில் இருந்திருந்தால் அந்தச் சின்ன ஃபின் தாங்கியிருக்குமா என்றும் யோசிக்கிறேன். முறை மாற்றிச் செய்து பார்த்தால்தானே தெரியும்.

குறையும் உண்டு. சின்ன ஃபினோடு காற்றை எதிர்த்துத் திரும்பி வருவது தண்டனை. வேகம் எடுக்கும் முன்பே பின்காலால் அழுத்தினால் ஃபின் பிடி விட்டு, வால் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும். இரண்டாம் பருவத்தில் ஒரு கால்வார் திருகோடு கையில் வந்தது. திருகு இறங்கும் பிளக்கைச் சுற்றிக் கண்ணாடி நாரிழை வைக்காமல் சோம்பலாக ஒட்டியது என் தப்பு.

இடமும் பாதி வேலை செய்கிறது. தென்மேற்குக் காற்று செசில் கூழாங்கல் மேட்டைத் தாண்டி வருகிறது. அலைகளை மேடு தடுத்துவிடும், காற்றை விட்டுவிடும். கரையோரம் தண்ணீர் தட்டையாகக் கிடக்கும். 1972-இல் இங்கேதான் கிராஸ்போ என்ற 60 அடிப் பாய்மரப் படகு 26.30 நாட் எடுத்து உலக சாதனை வைத்தது. அது 500 மீட்டர் சராசரி, என்னுடையது 10 விநாடி, ஒப்பிடக் கூடாதுதான். இருந்தாலும் ஒரு சின்னச் சந்தோஷம். 1986-இல் பாஸ்கல் மாகா விண்ட்சர்ஃபிங் பலகையில் 38.86 நாட் எடுத்திருக்கிறார் என்று நினைத்தால் அந்தச் சந்தோஷமும் அடங்கிவிடும்.

வாங்கலாமா என்று கேட்டால்: அடிப்பாகம் நேராக இருந்து, தராசில் ஒரு கிலோவுக்கு மேல் கூடாமல் இருந்தால் வாங்குங்கள். முதலில் சின்ன ஃபின் ஒன்றைக் கடன் வாங்கிப் போட்டுப் பாருங்கள். உப்புத்தாள் எங்கேயும் போய்விடாது.

போன வாரம் மறுபடி தராசில் வைத்தேன். 8.2. மீன்தொட்டி மோட்டாரை எங்கே வைத்தேன் என்று வீட்டில் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.