மின்சாரமும் டவரும் இல்லாத நாளில் ஒரு மருத்துவச் செயலி

இராயவரத்தில் தனியாக இருக்கும் எங்கள் ஆத்தாவுக்காக, காரைக்குடியிலுள்ள தனியார் மருத்துவமனை ஒன்றின் மருத்துவப் பதிவுச் செயலியை ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறேன். ஆண்டுக் கட்டணம் 300 ரூபாய். மருத்துவமனையின் பெயரை நான் எழுதப்போவதில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தையும் புரட்டிப் போட்டபோது, எங்கள் வீட்டின் நாட்டோடுகள் பெயர்ந்து, இரண்டாங்கட்டு அறையில் வைத்திருந்த ஆத்தாவின் மருத்துவக் கோப்பு முழுவதும் நனைந்து மை கரைந்துவிட்டது. ஆத்தாவுக்கு இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியிருப்பதால் இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை நாள்தோறும் எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் அளவு, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனைக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். கூடினால் இரத்தக் கசிவு, குறைந்தால் வால்வில் இரத்தம் உறையும் ஆபத்து. எங்கள் தெருவுக்கு மின்சாரம் வர 11 நாள் ஆயிற்று. அந்த நாள்களில் ஆத்தா தம் நினைவிலிருந்த அளவையே நம்பி மாத்திரை போட்டுக்கொண்டார். ஆகவே இந்தச் செயலியை நான் வாங்கியதே அப்படிப்பட்ட நாளுக்காகத்தான்.

சாதாரண நாள்களில் குறை சொல்ல அதிகமில்லை. பரிசோதனை முடிவு அன்று மாலையே வந்துவிடுகிறது. சிங்கப்பூரிலிருக்கும் தம்பிக்கு அதை நான் உடனே அனுப்பிவிட முடிகிறது.

புயல் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று, மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளொன்றில் திருச்சியிலிருந்து ஊருக்குப் போய்ச் சோதித்துப் பார்த்தேன். காலை 9 மணிக்கு மின்சாரம் நின்றது. மதியத்துக்குமேல் டவரும் போய்விட்டது. செயலியைத் திறந்தால், பாதுகாப்புக்காக அது முந்தைய இரவே என்னை வெளியேற்றியிருந்தது. மீண்டும் நுழைய ஓடிபி கேட்டது. ஓடிபி எப்படி வரும்? டவர் இருந்திருந்தாலும், பதிவு செய்யப்பட்ட எண் என்னுடையது மட்டுமே என்பதால், நான் திருச்சியில் இருக்கும் நாளில் ஆத்தாவை முதலில் ஓடிவந்து பார்க்கக்கூடிய பக்கத்து வீட்டு ஆச்சியால் எதையும் திறக்க முடியாது. பூட்டு நல்ல பூட்டுதான், சாவியைக் கொண்டுபோய் டவரில் மாட்டியிருக்கிறார்கள்.

ஆனால் இதே செயலியில், மூன்று பக்கங்கள் உள்ளே போனால்தான் கண்ணில் படும்படி, 'சுருக்கப் பக்கம்' என்று ஒன்று இருக்கிறது. வயது, இரத்த வகை, பெனிசிலின் ஒவ்வாமை, வால்வின் வகையும் அளவும், இப்போதைய வார்ஃபரின் அளவு, கடைசி ஐஎன்ஆர், மருத்துவரின் தொலைபேசி எண் ஆகிய அனைத்தும் ஒரே தாளில் அடங்குகின்றன. முன்கூட்டியே பிடிஎஃப் ஆக இறக்கி வைத்தால் டவர் இல்லாமலும் திறக்கிறது. என்னைக் கேட்டால் 300 ரூபாயும் இந்த ஒரு பக்கத்துக்கே தகும். எந்தத் தேதியில் எடுத்த விவரம் என்பதை மட்டும் அடியில் கண்ணுக்கே தெரியாத எழுத்தில் போட்டிருக்கிறார்கள். மருந்தளவு அடிக்கடி மாறும் நோயாளிக்கு அந்தத் தேதிதான் தலைப்பில் இருக்க வேண்டும். எல்லாமே ஆங்கிலத்தில் இருப்பதால், ஆச்சி படிப்பதற்காக மருந்தளவை ஓரத்தில் தமிழில் நானே எழுதிவிடுகிறேன். ஒவ்வொரு பரிசோதனைக்குப் பிறகும் புதுத் தாளை, ஆத்தாவின் சீர் சாமானில் வந்த, மூடி இறுகிய எனாமல் தூக்கில் வைத்துவிட்டுப் பழைய தாளைக் கிழித்துவிடுகிறேன்.

மருத்துவமனையின் பதிவுப் பிரிவிலும் விசாரித்தேன். ஒரு நகல் வேறு நகரத்தில் இருக்கிறது. படிக்க மட்டும் முடிகிற இன்னொரு நகல் எப்போதும் சார்ஜில் இருக்கும் மடிக்கணினியில் இருக்கிறது. மூன்றாவது நகல் எந்த வலையமைப்போடும் இணைக்காத வட்டில் இருக்கிறது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸின் சர்வர்கள், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதலில் முடங்கி, ஊழியர்கள் நாள்கணக்கில் கையால் எழுதிச் சமாளித்ததைப் பார்த்த பிறகுதான் மூன்றாவதைத் தொடங்கினார்களாம். அமெரிக்காவின் ஜாப்ளின் நகரில் 2011 மே 22 அன்று சூறாவளி ஒரு மருத்துவமனையையே சிதைத்தபோது, அது மூன்று வாரங்களுக்கு முன்புதான் மின்னணுப் பதிவுக்கு மாறியிருந்ததால் நோயாளிகளின் விவரங்கள் தப்பின என்பதையும் அந்த ஊழியரே எடுத்துச் சொன்னார். ஏற்பாடு சிறப்பானது, ஆயினும் ஆத்தாவை 108 ஆம்புலன்ஸ் புதுக்கோட்டை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் காரைக்குடி மடிக்கணினியால் பயனில்லை.

அதற்குத்தான் அரசின் மின்னணுச் சுகாதாரத் திட்டத்தில் தரும் ஆபா எண் இருக்கிறதே என்பார்கள். ஆத்தாவின் 14 இலக்க எண்ணையும் இணைத்திருக்கிறேன், இணைப்பது நல்லதே. ஆனால் 2021 செப்டம்பரில் நாடு முழுவதும் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பதிவுகள் ஒரே களஞ்சியத்தில் குவிக்கப்படுவதில்லை. அந்தந்த மருத்துவமனையிலேயே இருந்து, நோயாளி சம்மதித்தால் மட்டும் கேட்ட இடத்துக்குப் போகின்றன. அந்தரங்கத்துக்கு இது நல்லது. அனுப்ப வேண்டிய சர்வரோ இடையிலுள்ள இணையமோ நின்றுவிட்டால் எண் மட்டும்தான் கையில் மிஞ்சும்.

சுருக்கப் பக்கம் ஓடிபி இல்லாமல் கைப்பேசியின் சொந்தப் பூட்டிலேயே திறக்க வேண்டும், இரண்டாவது எண்ணையும் சேர்க்க இடம் தர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டாவது எண்ணுக்கு மட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மருந்தளவு மாறிக்கொண்டே இருக்கும் முதியவர் வீட்டில் இருந்தால் இந்தச் சேவையை வாங்கலாம். அன்றே அந்தப் பக்கத்தை அச்செடுத்துவிடுங்கள். நானும் இந்த ஆண்டுக் கட்டணத்தைக் கட்டிவிட்டேன். ஐப்பசி மழைக்குள் ஆச்சியின் எண் சேர்ந்துவிட வேண்டும்.